மார்க் ட்வைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (பாதி பொன்மொழியை ஃபார்வர்ட் பண்றவங்களுக்கும் சேர்த்து)

மார்க் ட்வைன் பேச்சு வந்தாலே சுத்திச் சுத்தி அதே சந்தேகங்கள்தான் வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி மாளல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்வியெல்லாம் கேட்டவங்க கேட்ட மாதிரியே இருக்கு, நான் கை வைக்கல. மேலேருந்து வரிசையா படிங்க, கீழ போகப் போக "மேல சொன்னேனே"ன்னு நிறைய வரும்.

யாருங்க இவர்? டாம் சாயர் எழுதினவர்தானே, சின்னப் பசங்களுக்கு எழுதுறவரா?

டாம் சாயர் அவர் எழுதினதுதான், 1876ல வந்துச்சு. ஆனா சின்னப் பசங்க எழுத்தாளர்னு மட்டும் நினைச்சுடாதீங்க. நிஜப் பேரு சாமுவேல் கிளெமன்ஸ், 1835ல அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல பிறந்தவர், வளர்ந்தது மிசிசிப்பி ஆத்தங்கரையில ஹானிபல்னு ஒரு சின்ன ஊர்ல. 11 வயசுல அப்பா போயிட்டார், அச்சாபீஸ்ல எழுத்து கோக்குற வேலைக்குப் போனார், அப்புறம் நீராவிப் படகு பைலட், 1859ல லைசென்ஸ் எடுத்தார், 1861ல உள்நாட்டுப் போர் வந்து ஆத்துப் போக்குவரத்து நின்னதும் அண்ணன் கூட நெவாடா பக்கம் போய் வெள்ளி தோண்டிப் பார்த்து ஒண்ணும் கிடைக்காம பத்திரிகைக்காரர் ஆனார்.

மார்க் ட்வைன்ங்கிற பேரு 1863ல நெவாடா பத்திரிகையில எழுதும்போது வெச்சுக்கிட்டது. படகுல ஆழம் பாக்குறவன் 12 அடி தண்ணி இருக்குன்னா அப்படித்தான் குரல் குடுப்பான். ஸ்கூலுக்குப் போனதை விட அச்சாபீஸ், படகு, சுரங்கம்னு அலைஞ்சதுதான் அதிகம், அவர் எழுத்துல வர்ற ஆளுங்க பேசுற பேச்சு அவ்ளோ உயிரோட இருக்கறதுக்கு அதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

"நான் செத்துட்டதா வந்த செய்தி மிகைப்படுத்தப்பட்டது"ன்னு சொன்னாரே, அது நிஜமா?

நிஜம். ஆனா நாம கேள்விப்படுற வடிவத்துல இல்ல. 1897ல அவர் லண்டன்ல இருந்தப்ப அவரோட ஒரு சொந்தக்காரர், ஜேம்ஸ் ராஸ் கிளெமன்ஸ், அங்கேயே உடம்பு சரியில்லாம கிடந்தார். ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேரு, செய்தி குழம்பி, ட்வைன்தான் சாகக் கிடக்கிறார்னு அமெரிக்கா வரைக்கும் போயிடுச்சு. ஒரு நியூயார்க் பத்திரிகையோட நிருபர் விசாரிக்க வந்தப்ப அமைதியா எழுதிக் குடுத்தார்: என் உறவினருக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப தேவலை, எனக்கு உடம்பு சரியில்லைங்கிற செய்தி அவரோட சீக்குலேருந்து கிளம்பினது, நான் செத்துட்டேன்ங்கிற செய்தி ஒரு மிகை.

அவ்ளோதான். "ரொம்பவே மிகை"ங்கிறதெல்லாம் பின்னாடி மத்தவங்க சேர்த்த மசாலா. மொதல் மூணு வரியை ஆபீஸ் லெட்டர் மாதிரி எழுதிட்டு, நாலாவது வரியையும் அதே குரல்ல சொல்றார் பாருங்க, சிரிப்பு அங்கதான் இருக்கு. கடைசி வரியை மட்டும் வெட்டி எடுத்தா பாதி டேஸ்ட் போயிடும்.

ப்ரோ, வாட்ஸ்அப்ல டெய்லி குட்மார்னிங் கூட வர்ற ட்வைன் பொன்மொழியெல்லாம் ஒரிஜினலா?

நிறைய டூப்பு. "இருபது வருஷம் கழிச்சு, செஞ்சதை விட செய்யாததை நினைச்சுத்தான் வருத்தப்படுவ, கயித்தை அவிழ்த்துவிட்டு கப்பலைக் கிளப்பு, கனவு காண், தேடு"ன்னு ஒண்ணு வரும்ல, அது 1990ல வந்த ஒரு அமெரிக்கப் புத்தகத்துல இருக்கு, எழுதினவர் அதைத் தன் அம்மா சொன்னதாப் போட்டிருக்கார். "நான் கழிச்ச மோசமான குளிர்காலம் சான் ஃபிரான்சிஸ்கோவோட கோடைக்காலம்", அதுவும் அவர் எழுத்துல எங்கயும் இல்ல. "உண்மை செருப்பு மாட்டுறதுக்குள்ள பொய் பாதி உலகம் சுத்திடும்"ங்கிறதும் அவரோடது இல்ல, பொய் பறக்கும் உண்மை நொண்டிக்கிட்டே பின்னாடி வரும்னு ஜொனாதன் ஸ்விஃப்ட்ங்கிற எழுத்தாளர் 1710லயே எழுதிட்டார். "தெரியாத விஷயம் உன்னைக் கவுக்காது, தெரியும்னு நிச்சயமா நம்புற தப்பான விஷயம்தான் கவுக்கும்"ங்கிறதை 2015ல வந்த ஒரு ஹாலிவுட் படம் மொத காட்சியிலேயே ட்வைன் பேர்ல போட்டுச்சு, அதுக்கும் ஆதாரம் கிடையாது. தெரியும்னு நிச்சயமா நம்பிப் போட்டிருக்காங்க போல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச டூப்பு வேற ஒண்ணு: "எனக்கு 14 வயசுல எங்கப்பா சுத்த மடையனா இருந்தார், 21 வயசு ஆனப்ப பாத்தா ஏழே வருஷத்துல மனுஷன் இவ்ளோ கத்துக்கிட்டாரேன்னு அசந்துட்டேன்." ஜோக் பிரமாதம், ஆனா மேல சொன்னேனே, அவருக்கு 11 வயசுலேயே அப்பா இறந்துட்டார்.

ஏன் எல்லாத்தையும் அவர் தலையிலேயே கட்டுறாங்க?

நம்ம ஊர்ல யார் சொன்னதுன்னு தெரியாத பாட்டையெல்லாம் ஔவையார் பேர்ல, காளமேகம் பேர்ல சேர்த்துவிட்ட மாதிரிதான். பேரு பெரிசா இருந்தா வரி தானா வந்து ஒட்டிக்கும்.

இன்னொண்ணு, அவரைச் சுத்தி இருந்தவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. வானிலை பத்தி எல்லாரும் பேசுறாங்க, யாரும் ஒண்ணும் பண்ண மாட்டேங்குறாங்கன்னு ஒரு ஜோக் இருக்கு, அது பெரும்பாலும் சார்ல்ஸ் டட்லி வார்னரோடதுன்னு சொல்றாங்க. அவர் ஹார்ட்ஃபோர்ட்ல ட்வைனோட பக்கத்து வீட்டுக்காரர், ரெண்டு பேரும் சேர்ந்து 1873ல ஒரு நாவலே எழுதிருக்காங்க. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரோட இசை, காதுல கேக்குறதை விட நிஜத்துல நல்லாத்தான் இருக்கும்ங்கிற ஜோக்கு பில் நைங்கிற நகைச்சுவை எழுத்தாளரோடதுன்னு ட்வைனே தெளிவா எழுதி வெச்சிருக்கார், இருந்தும் இவர் பேர்லதான் ஓடுது. இவரும் சும்மா இல்ல, "பொய்கள் மூணு வகை: பொய், படு பொய், புள்ளிவிவரம்"ங்கிறதை பிரிட்டிஷ் பிரதமரா இருந்த டிஸ்ரேலி சொன்னதா எழுதினார், டிஸ்ரேலி எழுத்துல தேடினா அது இல்ல.

"இந்தியா மனித குலத்தின் தொட்டில், வரலாற்றின் தாய்"னு மார்க் ட்வைன் புகழ்ந்தாராமே அண்ணா? சுதந்திர தினம்னா எல்லா குரூப்லயும் வருதே?

இது டூப்பு இல்ல. ஆனா கத்தரிச்சது. 1897ல வந்த 'ஃபாலோயிங் தி ஈக்வேட்டர்'ங்கிற பயணப் புத்தகத்துல பம்பாய் பத்தின அத்தியாயத்துல இருக்கு. மனித குலத்தின் தொட்டில், பேச்சு பிறந்த இடம், வரலாற்றுக்குத் தாய், புராணக்கதைக்குப் பாட்டி, மரபுக்குக் கொள்ளுப்பாட்டி, எல்லாம் அவர் எழுதினதேதான். ஆனா அந்த வாக்கியம் ஆரம்பிக்கிற இடம் வேற. கனவும் காதலும் நிறைஞ்ச நாடு, கற்பனைக்கு எட்டாத செல்வமும் கற்பனைக்கு எட்டாத வறுமையும், பகட்டும் கந்தலும், அரண்மனையும் குடிசையும், பஞ்சமும் கொள்ளைநோயும், புலி, யானை, நாகப்பாம்பு, ஆயிரம் மதம், இருபது லட்சம் சாமின்னு மூச்சு விடாம அடுக்கிக்கிட்டே வந்துதான் தொட்டில்ல வந்து நிக்கிறார். ஃபார்வர்ட்ல வறுமை, கந்தல், குடிசை, பஞ்சம், கொள்ளைநோய் அஞ்சையும் காணோம். அதுக்குப் பதிலா கடைசியில "மனித வரலாற்றின் மதிப்புமிக்க சான்றுகள் இந்தியாவில் மட்டுமே உள்ளன"ன்னு ஒரு வால் ஒட்டி வருது, அந்த வால் இந்த வாக்கியத்துல கிடையாது.

திட்டுறாரா புகழுறாரான்னு கேட்டா, ரெண்டையும் ஒரே மூச்சுல பண்றார், அந்த மூச்சை நடுவுல அறுத்தா அது அவரோடது இல்ல. காசி பத்தின வரியும் அப்படித்தான். வரலாறை விடப் பழசு, மரபை விடப் பழசு, புராணத்தை விடவும் பழசுன்னு ஏத்திக்கிட்டே போய், பாக்குறதுக்கு இது எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்ததை விட டபுள் மடங்கு பழசாத் தெரியுதுன்னு முடிப்பார். சிலர் அந்தக் கடைசித் துண்டை மட்டும் விட்டுட்டுப் போடுறாங்க, பக்திப் பரவசமா ஆயிடுது.

அப்போ நிஜமாவே இந்தியா வந்தாரா? மெட்ராஸ் வந்தாரா?

வந்தார். 1896 ஜனவரியில கொழும்பு வழியா பம்பாய்ல வந்து இறங்கி, அலகாபாத், காசி, கல்கத்தா, டார்ஜிலிங்னு ரெண்டு மாசத்துக்கு மேல சுத்தினார். மெட்ராஸ் விஷயம் நம்ம ஆளுங்களுக்கு ஏமாத்தம்தான்: மார்ச் கடைசியில கல்கத்தாவுலேருந்து கப்பல் ஏறி, மெட்ராஸ்ல ஒரு நாள், இலங்கையில ரெண்டு மூணு நாள், அப்புறம் மொரிஷியஸ்னு ஒரே வரியில தாண்டிட்டார். கொழும்புக்கு மட்டும் நல்ல இடம் குடுத்திருக்கார். தெருவுல போற ஜனங்களோட துணி நிறத்தைப் பாத்து மயங்கி நிக்கும்போது மிஷனரி பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க ஐரோப்பியக் கவுன் போட்டுக்கிட்டு வரிசையா வர்றாங்க, மனுஷனுக்கு அந்தக் காட்சியே கெட்டுப்போச்சு. தன் நாட்டுக்காரங்க உடுப்பைப் பத்தி அவ்ளோ வெக்கப்பட்டு எழுதிருக்கார்.

பம்பாய் ஹோட்டல்ல அவர்கிட்ட வேலைக்கு வந்த ஒருத்தர் பேரு வாயில நுழையலன்னு சாத்தான்னு கூப்பிட ஆரம்பிச்சார் (இன்னிக்கு யாராவது பண்ணா பிரச்சனை ஆயிடும், அன்னிக்கே கொஞ்சம் ஓவர்தான்). ஒருநாள் அந்தச் சாத்தான் பவ்யமா வந்து, கடவுள் உங்களைப் பாக்க வந்திருக்கார்னு சொல்றார். வந்தது ஆகா கான், இஸ்மாயிலி முஸ்லிம்களோட தலைவர், அவரோட ஜனங்க அவரை தெய்வமா மதிக்கிறவங்க. வந்த கடவுள் பேச ஆரம்பிச்சது ட்வைனோட ஹக் ஃபின் நாவலைப் பத்தி. ட்வைனுக்கு இதை விட என்ன வேணும்.

காக்கா பத்தி எழுதினதைக் கண்டிப்பா படிங்க. பால்கனி கம்பியில உக்காந்து இவரைப் பாத்து, இவர் துணி, நிறம், இவர் இந்தியாவுக்கு எப்படி வந்தார், இன்னும் ஏன் தூக்குல போடலன்னு காக்காங்க எல்லாம் கூடிப் பேசுதாம். காக்கா ஒரே ஜென்மத்துல இப்படி ஆகலையாம், சூதாடி, மூணாந்தர காமெடியன், பொய்யன், திருடன், ஒற்றன், விலைக்குப் போற அரசியல்வாதி, சீர்திருத்தவாதி, வக்கீல், மேடைப் பேச்சாளர்னு பல பிறவி எடுத்து எல்லாத்துலயும் மட்டமானதை மட்டும் சேர்த்து வெச்சுக்கிட்டதாம். செத்தா அடுத்த பிறவியில எழுத்தாளனா வந்து இன்னும் தாங்க முடியாதபடி ஆயிடும்னு தன் தொழிலையும் கடைசியில சேர்த்துவிடுறார். மறுபிறவியை இவ்ளோ சரியாப் பிடிச்சு காமெடிக்குப் பயன்படுத்தின வெளிநாட்டுக்காரர் வேற யாரும் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அறுபது வயசுல எதுக்கு சார் ஊர் ஊராச் சுத்தினார்? அவ்ளோ பெரிய ரைட்டர், காசு இல்லையா?

கடன் சார். சம்பாதிச்சது எக்கச்சக்கம், ஆனா புது மெஷின்னா பைத்தியம். அச்சு எழுத்தைத் தானா கோக்குற மெஷின் ஒண்ணு, பெய்ஜ் கம்பாசிட்டர்னு பேரு, சுமார் 18,000 பாகம், ஓடுற அன்னிக்கு அதிசயம், மறுநாள் ரிப்பேர். 1880லேருந்து அதுல கொட்டின பணம் 3 லட்சம் டாலர்னு சொல்றாங்க. அச்சாபீஸ்ல எழுத்து கோத்துக் கை தேய்ஞ்ச பையன்தானே, அந்த மெஷின் மேல ஆசை வந்ததுல ஆச்சரியம் இல்ல. அதுக்குள்ள லினோடைப்னு இன்னொரு எழுத்து கோக்குற மெஷின் வந்து மார்க்கெட்டைப் பிடிச்சிருச்சு. அவரோட சொந்தப் பதிப்பகம் ஜனாதிபதி கிராண்ட்டோட சுயசரிதையைப் போட்டு கிராண்ட்டோட மனைவிக்கு 2 லட்சம் டாலருக்கு ஒரே செக் குடுத்த கம்பெனி, அதுவும் 1894ல திவால்.

சட்டப்படி முழுசாக் கட்ட வேண்டிய அவசியம் இல்ல. ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியோட ஹென்றி ரோஜர்ஸ் கணக்கு வழக்கைக் கையில எடுத்தார், மனைவி ஒலிவியா ஒரு பைசா பாக்கி வெக்கக் கூடாதுன்னு நின்னாங்க, இவர் 1895ல உலகம் முழுக்க மேடை ஏறிப் பேசி சம்பாதிச்சு 1898க்குள்ள எல்லாக் கடனையும் முழுசாக் கட்டினார். அந்த டயத்துல வந்த 'புட்டன்ஹெட் வில்சன்' நாவல்ல ஒரு வரி: "அக்டோபர். பங்குச் சந்தையில இறங்க ரொம்ப ஆபத்தான மாசங்கள்ல இது ஒண்ணு. மத்தது ஜூலை, ஜனவரி, செப்டம்பர், ஏப்ரல், நவம்பர், மே, மார்ச், ஜூன், டிசம்பர், ஆகஸ்ட், பிப்ரவரி." ட்ரேடிங் குரூப்ல இதை அக்டோபரோட நிறுத்திப் போடுற ஆளுங்களும் இருக்காங்க, அவங்களுக்கு என்ன சொல்றது.

நான் படிச்சுப் பாத்தேன்க்கா, எனக்கு சிரிப்பே வரல. என் மேல தப்பா?

உங்க மேல தப்பு இல்லம்மா, வேகத்துலதான் பிரச்சனை. 1895ல கதை சொல்றது எப்படின்னு ஒரு கட்டுரை எழுதிருக்கார். சிரிப்புக் கதை சொல்றவன், இதுல சிரிக்க ஏதாவது இருக்குன்னு தனக்குத் தெரிஞ்சதாவே காட்டிக்கக் கூடாது, சுத்தி வளைச்சு அலையணும், முக்கியமான வரியை ஏதோ கைதவறி விழுந்த மாதிரி போட்டுட்டுப் போயிடணும், எங்க நிறுத்தணுமோ அங்க சரியா நிறுத்தணும்னு சொல்றார். 1865ல அவரை நாடு முழுக்க பிரபலம் ஆக்கின தவளைக் கதையும் இதே கணக்குதான். ஒரு கிழவன் மூஞ்சியில சின்னச் சிரிப்பு கூட இல்லாம, பந்தயத் தவளை ஒண்ணு வயித்துல ஈய ரவையை ஊத்தினதால எந்திரிக்க முடியாம உக்காந்த கதையைச் சொல்லிக்கிட்டே இருப்பான், கேக்குறவன் எப்படா தப்பிக்கலாம்னு இருப்பான்.

ரீல்ஸ் பாக்குற வேகத்துல படிச்சா இது வெறும் வளவளன்னு தெரியும். வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, இல்ல நல்லா வாசிச்ச ஆடியோவா கேளுங்க. அப்பவும் வரலைன்னா விட்டுடுங்க, கிளாசிக்குன்னா எல்லாரும் புகழுற, யாரும் படிக்காத புத்தகம்னு அவரே எழுதிருக்கார்.

அவர் ஜோக் எப்பவாவது சொதப்பிருக்கா?

பயங்கரமா. 1877 டிசம்பர், பாஸ்டன், கவிஞர் விட்டியரோட 70வது பிறந்தநாள் விருந்து. எமர்சன், லாங்ஃபெல்லோ, ஹோம்ஸ்னு அமெரிக்க இலக்கியத்தோட பெரிய தலைங்க உக்காந்திருக்காங்க. இவர் எந்திரிச்சு, மூணு குடிகாரப் பரதேசிங்க நாங்கதான் அந்த மூணு கவிஞர்கள்னு சொல்லிக்கிட்டு ஒரு சுரங்கத் தொழிலாளி குடிசையில புகுந்து, குடிச்சு, சீட்டாட்டத்துல ஏமாத்தின கதையைச் சொன்னார். சபையே உறைஞ்சு போச்சுன்னு அவர் நினைச்சு, மூணு பேருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். 1906ல அந்தப் பேச்சைத் திரும்பப் படிச்சுட்டு இது பிரமாதமாத்தானே இருக்குன்னார், கொஞ்ச நாள்ல மறுபடி படிச்சுட்டு ஐயோ மட்டமா இருக்குன்னு மாத்திக்கிட்டார்.

ஹக் ஃபின் நாவல் இனவெறி புக்குன்னு அமெரிக்காவுல ஸ்கூல்லேருந்து தூக்குறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

ரெண்டு விதமான தடை இருக்கு, குழப்பிக்கக் கூடாது. 1885ல மாசசூசெட்ஸ்ல காங்கார்ட் ஊர் நூலகம் தூக்கினது, இது நாகரிகம் இல்லாத முரட்டு புக்குன்னு. ட்வைன் சந்தோஷப்பட்டார், இதனாலேயே 25,000 பிரதி கூட விக்கும்னார். இன்னிக்கு இருக்கிற எதிர்ப்பு வேற: கறுப்பின மக்களை இழிவா சொல்ற ஒரு வார்த்தை அதுல 200 தடவைக்கு மேல வருது. 2011ல அந்த வார்த்தைக்குப் பதிலா 'அடிமை'ன்னு மாத்தி ஒரு பதிப்பே வந்துச்சு. வகுப்புல ஒரே ஒரு கறுப்பினக் குழந்தை உக்காந்திருக்க, வாத்தியார் அதை சத்தமாப் படிச்சா அந்தக் குழந்தைக்கு எப்படி இருக்கும்ங்கிற கேள்வி நியாயமானதுதான், அதை சும்மா தள்ளிவிட முடியாது.

ஆனா புக்கு யாரைக் கிண்டல் பண்ணுதுன்னு பாக்கணும். ஒரு இடத்துல கதை சொல்ற பையன் ஹக், படகுல இன்ஜின் பாகம் ஒண்ணு வெடிச்சதா ஒரு பொய் விடுறான். நல்ல மனசுக்கார அம்மா ஒருத்தங்க பதறிப்போய், ஐயோ யாருக்காவது அடிபட்டுச்சான்னு கேக்குறாங்க. இல்லைங்க, ஒரு கறுப்பன் செத்தான்ங்கிறான். நல்லவேளை, சில சமயம் ஆளுங்களுக்கு அடிபட்டுடும்ங்கிறாங்க அந்த அம்மா. இந்த நாலு வரியை மட்டும் கட் பண்ணிப் போட்டா அசிங்கமா இருக்கும். புக்குக்குள்ள வெச்சுப் படிச்சா, பாசமா சோறு போடுற ஒரு நல்ல பொம்பளை வாயிலேருந்து இவ்ளோ சாதாரணமா வருதேன்னு திக்குன்னு இருக்கும். ஜிம்ங்கிற அடிமையைக் காட்டிக்குடுக்க எழுதின லெட்டரை ஹக் கிழிச்சுப் போட்டு, சரி, நான் நரகத்துக்கே போறேன்ங்கிற இடமும் இதேதான். பையன் தான் பாவம் பண்றதாவே நம்புறான், அவன் பண்றது சரின்னு நமக்குத்தான் தெரியும், ஆசிரியர் நடுவுல வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

குறையே இல்லைன்னு சொல்ல வரல. கடைசி அத்தியாயங்கள்ல டாம் சாயர் வந்து ஜிம்மை வெச்சு விளையாடுறது எனக்கும் இழுவைதான், ஜிம் அங்க மனுஷனா இல்லாம பொம்மை ஆயிடுறான். தனிமனுஷனா ட்வைன் எப்படின்னா, யேல்ல சட்டம் படிச்ச வார்னர் மெக்கின்ங்கிற கறுப்பின மாணவருக்குச் சாப்பாடு தங்குற செலவைக் குடுத்தார், வெள்ளைக்காரங்க கறுப்பின மக்களை நசுக்கினதுக்கு அந்த வெக்கம் எங்களோடதுன்னு 1885ல லெட்டர் எழுதினார். அந்த மெக்கின் பின்னாடி வக்கீலாகி தர்குட் மார்ஷலுக்கு வழிகாட்டினார், மார்ஷல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தோட முதல் கறுப்பின நீதிபதி.

தேசபக்தி இல்லாதவர்னு ஒருத்தர் சொன்னார். அரசியல் பேசுவாரா?

பேசுவார், வயசாக ஆக ஜாஸ்தி ஆச்சு. அமெரிக்கா பிலிப்பைன்ஸைப் பிடிச்சதை எதிர்த்து, 1901லேருந்து சாகுற வரைக்கும் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்துல துணைத் தலைவர். காங்கோவுல பெல்ஜியம் ராஜா லியோபோல்ட் பண்ண கொடுமையை, ராஜாவே புலம்புற மாதிரி 1905ல எழுதினார். அமெரிக்காவுல பிறவிக் குற்றவாளிக் கூட்டம்னு தனியா ஒண்ணு இல்ல, நாடாளுமன்றத்தைத் தவிரன்னு அவர் அடிச்சது தனி.

இதுல உச்சம் 'தி வார் ப்ரேயர்'ங்கிற குட்டிக் கதை. போருக்குப் போற பசங்களுக்காக சர்ச்சுல எல்லாரும் உருகி ஜெபம் பண்றாங்க. வெளியூர்க் கிழவர் ஒருத்தர் உள்ள வந்து, நீங்க வாயால கேட்டது பாதிதான், சொல்லாம விட்ட பாதியையும் நான் சொல்றேன்னு ஆரம்பிக்கிறார்: எதிரி வீரர்களைக் கந்தலாக் கிழிக்கணும், அவங்க வீட்டைக் கொளுத்தணும், விதவைங்க அழணும், குழந்தைங்க பசியில அலையணும், ஆண்டவரே. கடைசியில சபை அவரைப் பைத்தியம்னு முடிவு பண்ணிடுது. 1905ல ஒரு பத்திரிகை வேணாம்னு திருப்பி அனுப்பிச்சு, அவர் செத்து 13 வருஷம் கழிச்சு 1923லதான் வெளியில வந்துச்சு.

கடைசி காலத்துல ரொம்பக் கசப்பாயிட்டாராமே? சிரிக்க வெச்சவருக்கு என்ன ஆச்சு?

வாழ்க்கைதான் ஆச்சு. தம்பி ஹென்றி 1858ல படகு வெடிச்சு செத்தான். மொதக் குழந்தை ஒன்றரை வயசுல போச்சு. மேல சொன்ன உலகப் பயணம் முடிஞ்சு இங்கிலாந்துல இறங்கி இருக்கும்போது, 1896 ஆகஸ்ட்ல, ஊர்ல விட்டுட்டு வந்த பெரிய பொண்ணு சூசி மூளைக்காய்ச்சல்ல செத்துட்டா, 24 வயசு, தந்திதான் வந்துச்சு. 1904ல மனைவி. 1909 கிறிஸ்மஸுக்கு மொத நாள் கடைசிப் பொண்ணு ஜீன்.

இதுல நிறைய பேர் கவனிக்காதது, காக்காவும் சாத்தானும் வர்ற அந்தச் சிரிப்புப் பயணப் புத்தகத்தை அவர் எழுதினதே சூசி செத்ததுக்கு அப்புறம் லண்டன்ல அடைஞ்சு கிடந்தப்பதான். சிரிப்போட ஊத்துக்கண் சந்தோஷம் இல்ல, துக்கம், சொர்க்கத்துல சிரிப்பே கிடையாதுங்கிற வரியும் அந்தப் புத்தகத்துலதான் இருக்கு. இதைத் தத்துவமா ஸ்டேட்டஸ் போடுறவங்களுக்கு அது யார் எந்த வருஷம் எழுதினதுன்னு தெரிஞ்சா கை கொஞ்சம் தயங்கும்.

வால்நட்சத்திரம் கூட வந்து வால்நட்சத்திரம் கூடப் போனார்ங்கிறது உருட்டுதானே?

நம்ப மாட்டீங்க, நிஜம். 1835 நவம்பர்ல ஹாலி வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கின ரெண்டு வாரத்துல பிறந்தார். 1909ல, அது கூட வந்தேன், அது கூடத்தான் போகணும், போகலைன்னா என் வாழ்க்கையிலேயே பெரிய ஏமாத்தம்னு சொன்னார். 1910 ஏப்ரல் 20ல அது மறுபடி சூரியனை நெருங்குச்சு, 21ல இவர் போயிட்டார்.

எங்கேருந்து ஆரம்பிக்கிறது? ஒரு பொன்மொழி ஒரிஜினலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மொதல்ல தவளைக் கதை, பதினஞ்சு நிமிஷம். அப்புறம் 'ஃபாலோயிங் தி ஈக்வேட்டர்'ல இலங்கை, இந்தியா அத்தியாயங்கள் மட்டும், நமக்குத் தெரிஞ்ச ஊர்ங்கிறதால ஜோக் எங்க இருக்குன்னு சட்டுன்னு பிடிபடும். டார்ஜிலிங்லேருந்து தள்ளுவண்டியில தண்டவாளத்துல 35 மைல் சறுக்கி இறங்கினதை, தன் வாழ்க்கையிலேயே ரொம்ப சந்தோஷமான நாள்னு எழுதிருக்கார், அதை விட்டுடாதீங்க. அப்புறம் ஹக் ஃபின்.

பொன்மொழி செக் பண்றது கஷ்டமே இல்ல. அவர் உயிரோட இருந்தப்ப வந்த புத்தகம் எதுக்கும் இப்ப காப்புரிமை கிடையாது, முழுசா ஆன்லைன்ல இருக்கு, சந்தேகமான வரியோட நாலு வார்த்தையை ஆங்கிலத்துல போட்டுத் தேடுங்க. புத்தகம் பேரு, அத்தியாயம் இல்லாம வெறும் போட்டோவோட வந்தா சந்தேகப்படுங்க. அதுலயும் மோட்டிவேஷனா இருந்தா ரொம்பவே சந்தேகப்படுங்க, நல்ல முன்மாதிரி குடுக்குற தொல்லையைத் தாங்குறது மாதிரி கஷ்டம் வேற இல்லைன்னு எழுதினவர் அவர்.

கதாபாத்திரம் சொன்னதை ட்வைன் கருத்துன்னு எடுத்துக்கலாமா? "நம்பிக்கைன்னா பொய்யின்னு தெரிஞ்சதை நம்புறது"ன்னு சொன்னாரே, அப்ப நாத்திகர்தானே?

அந்த வரி முழுசா இப்படி இருக்கு: பள்ளிக்கூடப் பையனை விளையாட்டுப் புத்தின்னு கேலி பண்றவங்க இருக்காங்க, ஆனா நம்பிக்கைன்னா பொய்யின்னு தெரிஞ்சதை நம்புறதுன்னு சொன்னவன் ஒரு பள்ளிக்கூடப் பையன்தான். அதைச் சொல்றதும் ட்வைன் இல்ல, மேல சொன்ன நாவல்ல வர்ற புட்டன்ஹெட் வில்சன்ங்கிற கதாபாத்திரம் எழுதினதா வர்ற காலண்டர். ஆக பையன் சொன்னதை வில்சன் சொல்ல, வில்சன் எழுதினதா ட்வைன் எழுதுறார். மத நிறுவனங்களை அவர் கடுமையாத் தாக்கினது உண்மை, அதுக்கு வேற எழுத்துல நிறைய ஆதாரம் இருக்கு, ஆனா இந்த ஒரு வரியை அஃபிடவிட் மாதிரி நீட்ட முடியாது.

வில்சன் யாருன்னு தெரிஞ்சா இன்னும் நல்லா புரியும். படிச்ச வக்கீல், புதுசா ஒரு சின்ன ஊருக்கு வர்றான். கண்ணுக்குத் தெரியாத ஒரு நாய் எங்கேயோ விடாம குரைக்குது. அந்த நாயில பாதி எனக்குச் சொந்தமா இருந்தா நல்லா இருக்கும்ங்கிறான். ஏன்னு கேக்குறாங்க. என் பாதியைக் கொன்னுடுவேன்ங்கிறான். ஊர்க்காரங்க ஒருத்தனும் சிரிக்கல, கூடி நின்னு, பாதியைக் கொன்னா மீதிப் பாதி செத்துடுமே, இது கூடத் தெரியலையே இவனுக்குன்னு ரொம்ப சீரியஸா விவாதிச்சு, புட்டன்ஹெட், அதாவது மக்குத் தலையன்னு பேரு வெச்சுடுறாங்க. அந்தப் பேரு போக அவனுக்கு இருபது வருஷத்துக்கு மேல ஆகுது, அது வரைக்கும் கேஸ் ஒண்ணு கூட வரல.